கழித்துக் கழித்து ஒரு நடனம்

1952-ல் ஓர் அரங்கேற்றம். ஆடியவர் காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளையின் மாணவி சந்திரலேகா. ராயலசீமா வறட்சி நிவாரணத்துக்கு நிதி திரட்டுவதற்காக ஏற்பாடான நிகழ்ச்சி அது. மேடையிலோ 'மதுரா நகரிலோ': யமுனை பெருக்கெடுத்து ஓடுகிறது, பெண்கள் நீராடுகிறார்கள், ஒருவர் மேல் ஒருவர் தண்ணீரை வாரி இறைக்கிறார்கள். விரல்கள் நீரை அபிநயித்துக்கொண்டிருந்தபோதே, பத்திரிகைப் படங்களில் பார்த்த பாளம் பாளமாக வெடித்த நிலமும், தகர டின்களோடு தண்ணீருக்கு நிற்கும் மக்களும் மனக்கண்ணில் வந்துவிட்டார்கள். ஒரு கணம் அப்படியே உறைந்துபோனதாகப் பின்னாளில் அவரே பலமுறை சொன்னார்.

அந்தக் கணத்துக்கான பதில் மேடையேற முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. நடுவில் அவர் ஆடுவதைக் குறைத்துக்கொண்டு ஒதுங்கினார். போஸ்டர் வரைந்தார், எழுதினார், பெண்கள் இயக்கங்களோடு வேலை செய்தார். 1984-ல் அன்றைய பம்பாயில் நடந்த கிழக்கு-மேற்கு நடனச் சந்திப்பு அவரைத் திரும்பவும் நடனத்துக்குள் இழுத்து வந்தது. அடுத்த ஆண்டே 'அங்கிகா'.

கொரியோகிராஃபர் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது சினிமா டான்ஸ் மாஸ்டர்தான். அவருக்குப் பாட்டு தயாராக இருக்கும். எத்தனை நிமிடம், யார் ஆடுகிறார், எந்த ஊரில் ஷூட்டிங் எல்லாம் முடிவாகியிருக்கும். இந்த இன்னொரு வகை கொரியோகிராஃபருக்கு அந்த வசதி எதுவும் கிடையாது. பாட்டு இல்லை, கதை இல்லை, பல சமயம் மேடையேறும் தேதிகூட இல்லை. ஒத்திகையின் முதல் நாள் கையில் இருப்பது பெரும்பாலும் ஒரு சந்தேகம் மட்டுமே. அவர்களைப் பேசவிட்டுக் கேட்டால் ஒன்று புரியும்: புதிதாக எதைச் சேர்த்தோம் என்பதைவிட எதை எடுத்துப் போட்டோம் என்பதைப் பற்றித்தான் அவர்கள் அதிகம் பேசுகிறார்கள்.

சந்திரலேகா எடுத்துப்போட்டவற்றின் பட்டியல் சற்று நீளம். நகை, ஜரிகை, சாமி கதை, காதலனுக்காக ஏங்கும் நாயகி, ரசிகர்களை நோக்கிய அந்தப் புன்னகை. மிஞ்சியது அரைமண்டியும் அடவும் முதுகெலும்பும். அவற்றோடு யோகாவையும் களரிப்பயட்டையும் வைத்துப் பார்த்தார். மூன்றுக்கும் அடியில் ஒரே உடல் இருக்கிறது என்பது அவர் வாதம். 'அங்கிகா'வில் ஒரு பெண் ஆணின் மேல் ஏறி அமர்ந்து, அவனையே வாகனமாக்கி வலம் வருவாள். ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் புராணங்களில் தெய்வங்களின் வாகனங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது புரியாமல் போகாது. 1989-ல் 'லீலாவதி'க்கு அவர் எடுத்துக்கொண்டது பன்னிரண்டாம் நூற்றாண்டு பாஸ்கராச்சாரியரின் கணித நூலை. வண்டும் தாமரையுமாகக் கவிதை நடையில் வரும் கணக்குப் புதிர்கள் ஜதிக் கணக்கோடு கைகோத்தன. 1991-ன் 'ஸ்ரீ'யில் பெண்கள் முதுகு வளைந்து, கூன் விழுந்தபடி நடந்து வந்தார்கள். நிமிர்ந்த முதுகைப் பெருமையாகச் சொல்லும் ஒரு கலையில் இப்படி ஒரு நடை!

2001-ல் வந்த 'சரீரா' அவருடைய கடைசிப் படைப்பு. அதில் கழித்தல் இன்னும் தூரம் போய்விட்டது. இரண்டே உடல்கள், குந்தேச்சா சகோதரர்களின் த்ருபத், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெதுவான அசைவு. ஒரு கால் மேலே எழுந்து, விரிந்து, இறங்குவதற்கே நிமிடங்கள் ஆகும். பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டிய அவருடைய 'ஸ்பேசஸ்' அரங்கில் மாதக் கணக்கில் ஒத்திகை செய்யாமல் அந்த மெதுவை எந்த உடலாலும் தாங்க முடியாது. வேகமாக ஆடும்போது தடுமாற்றத்தை மறைத்துவிடலாம். மெதுவாக ஆடும்போது தொடை நடுங்குவது கடைசி வரிசைக்கும் தெரிந்துவிடும்.

இதே கணக்கை ஆமதாபாத்தில் இன்னொருவர் வேறு வழியில் போட்டுக்கொண்டிருந்தார். 2025 ஏப்ரலில் மறைந்த குமுதினி லாக்கியா, இளமையில் ராம் கோபால் குழுவோடு உலகம் சுற்றியவர். அவர் கையிலிருந்தது கதக். அது தனி ஆளின் கலை: தபலாக்காரரோடு போட்டி, சபையைப் பார்த்துப் பேச்சு, கடைசியில் சுழற்சிகளை எண்ணிக் கைதட்டல். குமுதினி ராதா-கிருஷ்ணர் கதைகளை ஓரம் கட்டினார், பளபளக்கும் உடைகளை எளிமையாக்கினார், மேடையில் பலரை நிறுத்தினார். பலரை நிறுத்தியதும் பிரச்னை புதிதாக ஆரம்பிக்கிறது. ஒருவர் ஆடும்போது மேடையின் நடு மட்டும் போதும். பத்துப் பேர் ஆடினால் மூலைகள் உயிர்பெறுகின்றன, ஒருவர் முதுகைக் காட்டினாலும் அதற்கு ஓர் அர்த்தம் வந்துவிடுகிறது. ஒரே ஆள் வெடித்து முடிக்கும் திஹாயை இரண்டு, மூன்று குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். 'தப்கார்' (1973), 'யுகல்' (1976) என்று போன இந்தத் தேடல், 1980-ல் டெல்லி கதக் மகோத்சவத்தில் 'அத கிம்' ஆக வந்து நின்றது. 'அடுத்து என்ன?' என்பதுதான் தலைப்பின் பொருள். கதக் பண்டிதர்களில் சிலர் முகம் சுளித்தார்கள். இன்று அவர் செய்ததைச் செய்யாத கதக் குழுவைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம்.

அவருடைய மாணவி தக்‌ஷா சேத், மயூர்பஞ்ச் சாவ், களரி என்று வேறு உடல்மொழிகளைத் தேடிப்போய்க் கேரளத்தில் குடியேறினார். இன்னொரு மாணவி அதிதி மங்கள்தாஸ் கதக்கை விட்டு விலகவில்லை. அவருக்கு 2012-ம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதெமி விருது அறிவிக்கப்பட்டது, ஆனால் கதக் பிரிவில் அல்ல, படைப்பு மற்றும் பரிசோதனை நடனப் பிரிவில். அவர் விருதை ஏற்க மறுத்துவிட்டார். தான் ஆடுவது கதக், அந்தப் பெயரில்தான் அங்கீகாரம் வேண்டும் என்பது அவர் நிலை. வெறும் பெயர்ச் சண்டை என்று தோன்றலாம். அப்படியில்லை. எந்தப் பெட்டியில் ஒருவரைப் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் எந்த விழாவுக்கு அழைப்பு வரும், எந்த மானியத்துக்கு மனுப் போடலாம் என்பதெல்லாம் முடிவாகின்றன. 'பரிசோதனை' என்ற பெட்டி மரியாதையான பெட்டிதான். ஆனால் கதக் என்பது முடிந்துபோன விஷயம், இனி அதில் யாரும் கை வைக்க வேண்டாம் என்ற முடிவும் அதற்குள்ளேயே இருக்கிறது.

2020 டிசம்பரில் மறைந்த அஸ்தாத் தேபூ எந்தப் பெட்டிக்கும் அடங்கவில்லை. நவ்சாரியில் பிறந்த பார்சி. சிறு வயதில் கதக், லண்டனில் மார்த்தா கிரஹாம் பாணி, பிறகு கதகளி. மணிப்பூரின் புங் சோலம் மிருதங்கக்காரர்களோடு அவர் பல ஆண்டுகள் வேலை செய்தார். வாத்தியத்தை மாட்டிக்கொண்டு துள்ளிச் சுழலும் அந்தக் கலைஞர்களை நிதானத்துக்குள் கொண்டுவந்ததுதான் அவருடைய கழித்தல். அதைவிட ஆச்சரியம், காது கேளாதவர்களோடு அவர் செய்த வேலை. கொல்கத்தாவின் 'ஆக்‌ஷன் பிளேயர்ஸ்' குழு, சென்னையின் கிளார்க் காது கேளாதோர் பள்ளி மாணவிகள். இங்கே இசையே கழிந்துவிடுகிறது! மேடையில் பாட்டு ஒலிப்பது நமக்காக. ஆடுகிறவர்கள் எண்ணிக்கையை மனத்துக்குள் ஓட்டிக்கொண்டு, பக்கத்திலிருப்பவரின் தோளைக் கடைக்கண்ணால் பார்த்து அடியெடுத்து வைக்கிறார்கள். அவர்கள் ஒன்றாகத் திரும்பும்போது அது தாளத்துக்குக் கட்டுப்பட்ட ஒழுங்கல்ல, ஒருவர் மேல் ஒருவர் வைக்கும் கவனம். இரக்கத்துக்காகக் கைதட்ட வந்தவர்கள் சற்று நேரத்தில் இரக்கத்தை மறந்துபோனார்கள் என்பதுதான் தேபூவின் வெற்றி.

இளைய தலைமுறையில் இந்தக் கேள்விகள் மேடையையே கழித்துவிடும் அளவுக்குப் போயிருக்கின்றன. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவை மீண்டும் உயிர்ப்பித்தது. டெல்லியின் மந்தீப் ரெய்க்கி அதற்குத் தந்த பதில் 2016-ல் வந்த 'குவீன் சைஸ்'. ஒரு கயிற்றுக் கட்டில், இரண்டு ஆண்கள். சின்ன அறையில் பார்வையாளர்கள் கட்டிலைச் சுற்றி நெருங்கி உட்காருவார்கள். இடையில் எழுந்து போகலாம், திரும்பி வரலாம். கோஷம் இல்லை, பிரசங்கம் இல்லை. கட்டிலின் கயிறு முனகுவதும் மூச்சும் கேட்கும் தூரத்தில், அந்தரங்கம் என்று சட்டம் சொல்வதற்கு ஒருவர் சாட்சியாகிவிடுகிறார். பார்ப்பதா, முகத்தைத் திருப்பிக்கொள்வதா என்று அவர் தடுமாறுவதும் நடனத்தின் பகுதிதான். 2018 செப்டம்பரில் நீதிமன்றம் வயது வந்தோரின் சம்மதத்துடனான உறவை அந்தப் பிரிவிலிருந்து விடுவித்தது. தீர்ப்பு வந்துவிட்டது என்பதற்காக அந்தக் கட்டில் பழசாகிவிடவில்லை.

சென்னையில் பத்மினி செட்டூர். பிலானியில் ரசாயனம் படித்தவர். சந்திரலேகாவின் குழுவில் பத்தாண்டுகள் ஆடிவிட்டுத் தனி வழி கண்டவர். குருவிடம் மிச்சமிருந்த உணர்ச்சிக் கொந்தளிப்பையும் அவர் கழித்துவிட்டார். 'பேப்பர்டால்' (2005) காகிதத்தில் வெட்டிய பொம்மைச் சரம்போல் கைகோத்த பெண்களின் நடனம்: ஒருத்தி அசைந்தால் மற்றவர்கள் அசையாமல் இருக்க முடியாது. 'வால் டான்சிங்' (2012) கலைக்கூடத்தின் சுவர்களை ஒட்டி மணிக் கணக்கில் நடக்கிறது. ஆடுகிறவர் உங்களைக் கவர முயலுவதே இல்லை. பொறுமை இல்லாதவர் பத்தாவது நிமிடத்தில் வெளியே டீ குடிக்கப் போய்விடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இங்கே ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். கழித்தல் ஒரு ஃபேஷனாகவும் ஆகிவிட்டது. கறுப்பு உடை, வெறும் மேடை, காரணமில்லாமல் நீளும் மௌனம், நிகழ்ச்சி நிரலில் நான்கு பத்தி விளக்கம். கழிப்பதற்கு முன்னால் கையில் ஏதாவது இருந்தாக வேண்டும். சந்திரலேகாவின் அரைமண்டிக்குப் பின்னால் எல்லப்பப் பிள்ளையின் தட்டுக்கழி இருந்தது; குமுதினிக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான மணி நேரத் தத்கார் இருந்தது.

அந்த மணி நேரங்களுக்கு யார் பணம் கொடுப்பது? சபாக்காரர் கொடுப்பது ஒரு மாலைக்கான தொகை. அந்த ஒரு மாலைக்குப் பின்னால் இருக்கும் ஆறு மாத ஒத்திகைக்கு, ஹால் வாடகைக்கு, ஆட வருபவர்களின் பஸ் கட்டணத்துக்குக் கணக்கே கிடையாது. மாக்ஸ் முல்லர் பவன் போன்ற வெளிநாட்டுக் கலாசார மையங்களும், பெங்களூரின் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் போன்ற சில அமைப்புகளும் தாங்கிப் பிடித்ததால்தான் இவ்வளவாவது நடந்தது. ரெய்க்கியும் அனுஷா லாலும் டெல்லியில் தொடங்கிய 'கதி' அமைப்பு 2009 முதல் இளம் கொரியோகிராஃபர்களைச் சில வாரங்கள் ஒரே இடத்தில் தங்கவைத்து, மூத்தவர்களின் துணையோடு புதுப் படைப்பு செய்ய வைத்தது. உருப்படியான உதவி என்றால் இதுதான்: விருது அல்ல, ஒரு கூடமும் கொஞ்சம் காலமும்.

உதய்சங்கருக்கு இது 1930-களின் இறுதியிலேயே தெரிந்திருந்தது. அல்மோராவில் அவர் தொடங்கிய கலை மையம் சில ஆண்டுகளிலேயே பணமில்லாமல் மூடப்பட்டது. பிறகு சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் அவர் எடுத்த 'கல்பனா' (1948), ஒரு நடனக் கலைஞன் அப்படியொரு மையத்துக்காகக் கனவு காணும் கதை. மையம் போய்விட்டது, அவர் நடனம் எப்படி இருந்தது என்று இன்று காட்ட முடிவது அந்தப் படத்தால்தான்.

மற்றவர்களுக்கு அப்படிப் படமும் இல்லை. வீடியோ உண்டு, ஆனால் வீடியோவில் எடை தெரியாது, மூச்சு தெரியாது. 'சரீரா'வைக் குருவிடம் உடலால் கற்றுக்கொண்டவர்கள் கவிஞர் திஷானி தோஷியும் களரிக் கலைஞர் ஷாஜி ஜானும். 2006 டிசம்பரில் சந்திரலேகா மறைந்த பின்னும் அவர்கள் அதைப் பல ஆண்டுகள் ஆடினார்கள். அசைவு ஒவ்வொன்றும் எவ்வளவு மெதுவாக இருக்க வேண்டும் என்பது எழுதிவைக்கப்படவில்லை. அது அவர்கள் தொடையிலும் முதுகிலும் இருக்கிறது.