பிரம்பும் வேண்டாம், வெளியேற்றமும் வேண்டாம்: வகுப்பறை ஒழுங்கு குறித்து எங்கள் நிலைப்பாடு

மரக்காணம் வட்டார உப்பளக் கிராமங்களில், அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுக்களில் உறுப்பினராக இருக்கும் பெற்றோர் நாங்கள். பிள்ளைகளுக்குப் பயம் விட்டுப்போனது, பிரம்பு திரும்பி வந்தால்தான் படிப்பு வரும் என்ற பேச்சு எங்கள் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. சீனாக்காரன் கண்டிப்பால்தான் முன்னேறினான் என்று ஒரு தரப்பு சொல்கிறது. வெள்ளைக்காரன் பிள்ளையைத் தொடுவதே இல்லை, அவன் படிக்கவில்லையா என்று மறுதரப்பு கேட்கிறது. இரண்டையும் விசாரித்து, கூடிப் பேசி, எங்கள் முடிவை இங்கே வைக்கிறோம்.

எங்கள் நிலைப்பாடு

பிள்ளையை அடிப்பதையும் அவமானப்படுத்துவதையும் எக்காரணம் கொண்டும் ஏற்கமாட்டோம். ஒழுங்கு நடவடிக்கை என்ற பெயரில் பள்ளியை விட்டு அனுப்புவதையும் ஏற்கமாட்டோம். அதற்காகக் கட்டுப்பாடில்லாத வகுப்பைக் கேட்கவில்லை. எல்லாப் பிள்ளைகளும் கவனித்து உழைக்கிற, பின்தங்கிய பிள்ளையை அன்றன்றைக்கே கைதூக்கிவிடுகிற வகுப்பைக் கேட்கிறோம். எங்களைப் பொறுத்தவரை ஒழுங்கு என்பது அதுதான்.

சீனா காட்டுவது என்ன

2009ஆம் ஆண்டு பன்னாட்டு பிசா தேர்வில் ஷாங்காய் மூன்று பாடங்களிலும் முதலிடம் பெற்றது. அதே தேர்வைச் சற்றுப் பின்னர் எழுதிய தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும், 2011 டிசம்பரில் முடிவு வந்தபோது, பட்டியலின் அடியில் கிடந்தன. ஷாங்காய் வசதியான நகரம், முழுச் சீனாவுக்கும் அது அளவுகோல் ஆகாது. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாணவர்களை அடிப்பதைச் சீனா 1986ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டத்திலேயே தடைசெய்துவிட்டது. 2021 மார்ச்சில் அமலுக்கு வந்த விதிகள் கண்டிக்கவும், தவறை எழுதித்தரச் சொல்லவும், அதிகபட்சம் ஒரு பாடவேளை நிற்கவைக்கவும் ஆசிரியருக்கு இடம் தருகின்றன. அடி அதில் இல்லை. நம் மாநிலம் 2003இல் தடைவிதித்த பிறகும் பிரம்பு இங்கே புழக்கத்தில்தான் இருந்தது. பிரம்பால் மதிப்பெண் வருமென்றால் நாம் அடியில் கிடந்திருக்க மாட்டோம்.

ஷாங்காயின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. அங்கே தொடக்கப் பள்ளியிலேயே கணக்குக்கென்று தனி ஆசிரியர் உண்டு. ஒரு நாளில் அவர் எடுக்கும் பாடவேளைகள் குறைவு. மீதி நேரம் நோட்டுத் திருத்தவும், சக ஆசிரியர்களோடு அமர்ந்து பாடத்தைத் திட்டமிடவும் போகிறது. காலையில் புரியாத பிள்ளைக்கு அன்று மாலைக்குள் மறுபடி சொல்லித் தரப்படுகிறது.

இதன் அருமை எங்களுக்குத் தெரியும். 52இல் 27ஐக் கழிக்கச் சொன்னால் பல பிள்ளைகள் 35 என்று எழுதுகிறார்கள். இரண்டில் ஏழு போகாது என்பதால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுகிறார்கள். கையில் அடித்தால் பிள்ளை அழும், ஆனால் அடுத்த கணக்கிலும் அதே தவறுதான் வரும். பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிகளில் ஒரு கட்டைப் பிரித்துக் காட்டினால் சற்று நேரத்தில் 25 வந்துவிடும். அந்தச் சற்று நேரம் அன்றைக்குக் கிடைக்காத பிள்ளை, ஐந்தாம் வகுப்பில் வகுத்தல் கணக்கு வரும்போது கடைசி வரிசைக்குப் போகிறது. வகுப்பில் சேட்டை தொடங்குவது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

பிரிட்டன் காட்டுவது என்ன

பிரிட்டனின் அரசுப் பள்ளிகளில் 1987இல் பிரம்பு ஒழிந்தது. பிள்ளை கேள்வி கேட்பதும், குழுவாகப் பேசிக் கற்பதும் அங்கே வகுப்பின் இயல்பு. 2015இல் பிபிசி ஒரு தொடர் ஒளிபரப்பியது. ஹாம்ப்ஷயரில் உள்ள போஹண்ட் பள்ளியில் ஐந்து சீன ஆசிரியர்கள் ஐம்பது மாணவர்களுக்கு நான்கு வாரம் தங்கள் முறையில் பாடம் நடத்தினார்கள். ஆசிரியர் பேச, மாணவர் குறிப்பெடுக்கும் முறைக்குப் பழகாத பிள்ளைகளால் வகுப்பு பலமுறை கலைந்தது. முடிவில் நடந்த தேர்வில் சீன ஆசிரியர்களிடம் படித்தவர்களே முந்தினார்கள். நான்கு வாரத் தொலைக்காட்சிச் சோதனையை வைத்து எதையும் தீர்த்துச் சொல்ல முடியாது. ஆனால் இங்கிலாந்து அரசு சீனாவிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்பது முக்கியம். 2014 முதல் ஷாங்காய் கணக்கு ஆசிரியர்களை வரவழைத்தது. 2016இல் அந்தக் கற்பித்தல் முறையை 8,000 தொடக்கப் பள்ளிகளுக்குக் கொண்டுசெல்ல 4.1 கோடி பவுண்டு ஒதுக்கியது. வாங்கியது பாடம் நடத்தும் முறையை.

பிரிட்டனிடமிருந்து நாங்கள் வாங்க விரும்பாததும் உண்டு. பிரம்பு போன இடத்தில் இடைநீக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. 2023–24 கல்வியாண்டில் இங்கிலாந்துப் பள்ளிகள் ஒன்பது லட்சம் முறைக்கும் மேல் மாணவர்களைத் தற்காலிகமாக வெளியே அனுப்பின. எங்கள் ஊரில் ஒரு வாரம் பள்ளியை விட்டு நிற்கும் பையன் உப்பளத்துக்குப் போவான். கூலி கையில் வந்த பிறகு அவனைத் திரும்ப அழைத்து வருவது எளிதல்ல.

நம் மரபு என்னும் வாதம்

அடி நம் மரபு என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். திண்ணைப் பள்ளியில் பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டமும் இருந்தது, தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லித்தரும் சட்டாம்பிள்ளை முறையும் இருந்தது. 1789இல் எழும்பூர் ஆதரவற்றோர் பள்ளியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதையும் ஒருவருக்கொருவர் கற்பிப்பதையும் இங்கே பார்த்துக் கைக்கொண்டார். அது மெட்ராஸ் முறை என்ற பெயரோடு பிரிட்டன் முழுக்கப் பரவியது. மரபில் காக்க வேண்டியது அதைத்தான்.

எங்கள் கோரிக்கைகள்

1. உப்பு வாரும் பருவத்தில் தாய் தகப்பன் விடிவதற்கு முன்பே பாத்திக்குப் போய்விடுகிறார்கள். தம்பி தங்கையைக் கிளப்பிவிட்டு மூத்த பெண் பிள்ளை வரும்போது பிரார்த்தனை முடிந்திருக்கும். அவளை வெளியே நிற்கவைக்கக் கூடாது. காலை உணவு கொடுத்து வகுப்பில் உட்காரவைக்க வேண்டும்.

2. எமிஸ் எனும் கல்வித் தகவல் இணையதளத்தில் விவரம் பதிவேற்றுவது உள்ளிட்ட பிற வேலைகளிலிருந்து ஆசிரியரை விடுவித்து, நாள்தோறும் ஒரு பாடவேளையைப் பின்தங்கிய பிள்ளைகளுக்கென ஒதுக்க வேண்டும். காலிப் பணியிடங்களை நிரப்பாமல் ஆசிரியரை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல.

3. தன்னார்வலர்கள் மாலையில் பாடம் சொல்லித்தரும் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று எங்கள் மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில்தான் தொடங்கியது. உப்பளக் குடியிருப்புகளில் மாலை மையங்கள் தொடர்ந்து நடக்க வேண்டும். அன்று வகுப்பில் யாருக்கு எது புரியவில்லை என்பது மாலைக்குள் தன்னார்வலருக்குத் தெரிய வேண்டும்.

4. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. 14417, 1098 ஆகிய உதவி எண்களை ஒவ்வொரு பள்ளிச் சுவரிலும் பிள்ளையின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் எழுத வேண்டும்.

5. தவறு செய்த பிள்ளையிடம் தனியே பேசுவது, உடைத்ததைச் சரிசெய்ய வைப்பது, பெற்றோரை அழைப்பது என்று படிப்படியான நடைமுறையை ஆசிரியரும் பெற்றோரும் சேர்ந்து எழுதி வகுப்பில் ஒட்ட வேண்டும்.

எங்கள் கடமை

"கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று இனி எங்களில் யாரும் ஆசிரியரிடம் சொல்ல மாட்டோம். வீட்டிலும் கை ஓங்க மாட்டோம். பள்ளி நாளில் பிள்ளையை வரப்புக்கு அழைத்துப் போக மாட்டோம். கூலி போனாலும் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வருவோம். ஒழுங்கீனம் பற்றி ஆசிரியர் புகார் சொன்னால் சண்டைக்கு நிற்காமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தீர்வு தேடுவோம்.

கையில் பிரம்பு இல்லாமல் நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கச் சொல்கிறீர்களே என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமான கேள்வி. அவர்களுக்கு நேரமும் துணை ஆளும் கேட்டு அவர்களோடு சேர்ந்து நாங்களும் குரல் கொடுப்போம். இந்த அறிக்கையை எங்கள் பள்ளிகளின் அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் தீர்மானமாக முன்மொழிகிறோம். ஆசிரியர் சங்கங்களும் கல்வி அலுவலர்களும் மாற்றுக் கருத்து இருந்தால் அதோடே வரட்டும். பேசத் தயாராக இருக்கிறோம். பிள்ளை மீது கை வைப்பதும், அதைப் பள்ளியை விட்டு அனுப்புவதும் மட்டும் பேச்சுக்கு உரியவை அல்ல.