குளிரில் மக்காத குப்பை: பனிப் பூஞ்சை கைகொடுக்குமா?

"மலைப்பூண்டும் பீன்ஸும் சாகுபடி செய்கிறோம். சாணம், இலைச்சருகு, செடித்தட்டை எல்லாவற்றையும் குவித்து வைத்தாலும் எட்டு மாதம் ஆகியும் சரியாக மக்குவதில்லை. போன முறை அரைகுறையாக மக்கியதைப் போட்டு, பூண்டு மஞ்சளாகிப் போனது. அண்டார்டிகா பனியில் வாழும் பூஞ்சை குளிரிலும் குப்பையை மக்க வைக்கும் என்கிறார்கள். அதை வாங்கிப் போடலாமா?"
- பெருமாள்மலை வாசகர்

பனிப் பிரதேச மண்ணில் பூஞ்சை இருப்பது உண்மைதான். அண்டார்டிகாவில் 'மைத்ரி', 'பாரதி' ஆகிய ஆய்வு நிலையங்களும், வடதுருவப் பகுதியில் 2008-ல் தொடங்கிய 'ஹிமாத்ரி'யும் இந்தியாவுக்கு இருக்கின்றன. அங்கிருந்து எடுத்த மண்ணில் பூஞ்சைகளைப் பிரித்து, அவை சுரக்கும் நொதிகளை (என்சைம்) நம் விஞ்ஞானிகள் சோதித்திருக்கிறார்கள்.

பூஞ்சைக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. நொதியை வெளியே சுரந்து, இலையையும் தட்டையையும் கரைத்து, அந்தச் சாற்றை உறிஞ்சிக்கொள்ளும். குப்பை மக்குவது இப்படித்தான். சாதாரணப் பூஞ்சையின் நொதி குளிரில் விறைத்து மந்தமாகிவிடும். பனிப் பூஞ்சையின் நொதி இளக்கமான அமைப்பு கொண்டது. அதனால் குளிரிலும் வேலை செய்யும். குளிர்ந்த தண்ணீரிலேயே அழுக்கு நீக்கும் சலவைத்தூளுக்கு இத்தகைய நொதிகள் பயன்படுகின்றன.

ஆனால், அந்த இளக்கமே அதன் பலவீனமும்கூட. சூடு ஏறினால் சீக்கிரம் கெட்டுவிடும். நல்ல எருக்குவியலோ உள்ளே 55 முதல் 60 டிகிரி வரை சூடேற வேண்டும். அப்போதுதான் களை விதையும் நோய்க்கிருமிகளும் சாகும். அந்தச் சூட்டில் பனிப் பூஞ்சை தாங்காது. எனவே பனிப் பூஞ்சைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். உங்கள் குவியலுக்குத் தேவை சூடு. அதை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் சாணத்திலேயே இருக்கின்றன.

குவியல் சூடேற என்ன செய்யலாம்?

சிறு குவியலில் உண்டாகும் சூட்டை மலைக்காற்று கொண்டுபோய்விடும். நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைந்தது நான்கு அடி இருக்கட்டும். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்காமல், பொருளைச் சேகரித்து ஒரே நாளில் அடுக்குங்கள். காய்ந்த சருகு இரண்டு, மூன்று கூடை போட்டால், பச்சைத்தழை ஒரு கூடை, அதன் மேல் சாணக் கரைசல் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். வாட்டில், பைன், யூகலிப்டஸ் இலைகள் எளிதில் மக்காதவை. அவற்றை நறுக்கி, குறைவாகச் சேர்க்கலாம்.

மழைநீர் இறங்கினால் குவியல் குளிர்ந்துவிடும். மேட்டில் அடுக்கி, மேலே கனமாகச் சருகு பரப்பி, மழை நாளில் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். பக்கவாட்டில் காற்று போக இடம் வேண்டும். கையில் அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் வரும் அளவு ஈரம் போதும். மார்ச், ஏப்ரலில் அடுக்கினால் வெயிலும் துணைக்கு வரும்.

ஒரு வாரம் கழித்து இரும்புக் கம்பியை நடுவில் செருகி, பத்து நிமிடம் விட்டு உருவித் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் குவியல் சரியாக இருக்கிறது. சூடு தணிந்ததும் வெளிப்பக்கம் உள்ளே போகும்படி புரட்டுங்கள். மீண்டும் சூடேறித் தணியும். புரட்டியும் சூடேறாமல், மண்வாசனையோடு பொலபொலவென்று இருந்தால் எரு தயார்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் 'பயோமினரலைசர்' கிடைத்தால் டன்னுக்கு 2 கிலோ சேர்க்கலாம். டிரைக்கோடெர்மா விரிடியை மட்டும் தொடக்கத்தில் போட வேண்டாம், குவியல் சூட்டில் அது செத்துவிடும். எரு ஆறிய பிறகு, ஏக்கருக்கு 1 கிலோவை 20 கிலோ எருவில் கலந்து வயலில் போடலாம்.

பூண்டு ஏன் மஞ்சளானது?

மக்காத சருகை வயலில் போட்டால், அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள தழைச்சத்தை முதலில் எடுத்துக்கொள்ளும். பயிருக்கு மிஞ்சாது. உங்கள் பூண்டு மஞ்சளானதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அழுகல் நோயாலும் மஞ்சளாகும் என்பதால், அடுத்த முறை செடியைப் பிடுங்கி வேரையும் பாருங்கள். மக்காத குப்பை மிச்சமிருந்தால் அதை வயலில் போடாமல் புதுக் குவியலில் சேர்த்துவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை

நோயுற்ற பூண்டையும், உருளைக்கிழங்கு வயல் மண்ணையும் குவியலில் சேர்க்காதீர்கள். ஓரத்தில் சூடு எட்டாத இடத்தில் பூசணமும் நூற்புழுவும் தப்பித்து, வயல் முழுக்கப் பரவிவிடும். குளிருக்குப் பழகிய பூஞ்சை வேண்டுமென்றால், உங்கள் பேரி, பிளம்ஸ் மரத்தடியில் மக்கிய சருகு இரண்டு கூடை போதும். அதற்காகச் சோலைக்காட்டு மண்ணை அள்ளாதீர்கள். அது குற்றம்.

நுண்ணுயிர் உரம் எதை வாங்கினாலும் பாக்கெட்டில் உயிரியின் பெயர், எண்ணிக்கை, தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். 'பனிப் பூஞ்சை' என்று மட்டும் எழுதியிருந்தால் வாங்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் கொடைக்கானல் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் காட்டிக் கேளுங்கள்.