இன்னுமோர் இரட்டைக் குவளை

தம்பி!

அசோக் நகரிலிருந்து நீ விடுத்த மடல் கிடைத்தது. மன்றத்துத் தோழர்கள் ஒன்பது பேர், சனிக்கிழமை மாலை கிராப்ட் பீர் அருந்தச் செல்லத் திட்டம் தீட்டியிருக்கிறீர்கள். விடுதிக்காரர்கள் பாதி விலை என்று கூவி அழைக்கும் ‘ஹாப்பி அவர்’ பார்த்து நேரமும் குறித்துவிட்டீர்கள். மேசைக்கு முன்பதிவு, ஆளுக்கு இவ்வளவு பங்கு, வெறும் வயிறு ஆகாதென்று உணவு, வீடு திரும்ப வாடகைக் கார் என அத்தனையும் வரிசைப்படுத்திவிட்டு, “அண்ணா, இதில் தவறுண்டா?” என்று கேட்டிருக்கிறாய். மேடைதோறும் மதுவின் கேட்டை முழங்குகிறவனிடம் மறைக்காமல் கேட்டாயே, அந்த நேர்மைக்கு முதலில் என் நன்றி.

உன் வீட்டருகே சிங்கத் தலைகளைத் தாங்கி நிற்கிறதே ஒரு தூண், அது நினைவூட்டும் அசோகர், கிர்நார்ப் பாறையில் பொறித்த முதற் கட்டளையிலே கூட்டங்களைப் பற்றியும் பேசுகிறார். களியாட்டக் கூட்டங்களால் கேடு மிகுதி, அவற்றைக் கூட்டலாகாது என்கிறார். உடனே, நல்லவை எனத் தக்க கூட்டங்களும் சில உண்டு என்று ஒப்புகிறார். மன்னரே கதவை முழுதும் சாத்தவில்லை. சாத்த நான் யார்? ஆகவே ‘போகாதே’ என்று எழுதப் போவதில்லை. உன் கூட்டம் எவ்வகையைச் சேர்ந்தது என்று மட்டுமே கேட்கப் போகிறேன்.

நம் மரபு இருபுறமும் பேசியிருக்கிறது. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். ஔவையோ, அதியமானை இழந்து அழுதபோது, கள்ளை அவன் பகிர்ந்தளித்த பண்பை எண்ணி அழுதார். ஆட்சிகளும் அப்படித்தான். 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1971இல் தளர்ந்தது, 1974இல் திரும்பியது, 1981இல் மீண்டும் விலகியது. 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. சட்டம் மாறிக்கொண்டே இருந்தது, தம்பி. மாறாத ஒன்று உண்டு. அதைக் காட்ட, நாடகக்காரன் பழக்கத்தில் இரண்டு காட்சிகளை அமைக்கிறேன்.

காட்சி ஒன்று. குளிரூட்டிய கூடம், மெல்லிசை, நீண்ட கண்ணாடிக் குவளை. பார்லி, நீர், ஹாப், ஈஸ்ட் ஆகிய நான்கும் சேர்ந்த நுரையை முகர்ந்து பார்த்து, இதிலே கசப்பு மிகுதி, அதிலே பழமணம் என்று ஆய்கிறார்கள். அவர்களுக்குப் பெயர் சுவைஞர்கள்.

காட்சி இரண்டு. உன் தெருவிலே மாடி எழுப்புகிற கொத்தனார், வேலை முடிந்து, சிமெண்டு படிந்த கையைக் கடையின் கம்பிவலைக்குள் நீட்டுகிறார். உட்கார இடமில்லை, உண்ண ஏதுமில்லை. பிளாஸ்டிக் குவளையில் ஊற்றி, நின்றபடி விழுங்கி, தள்ளாடி நடக்கிறார். அவருக்குப் பெயர் குடிகாரன்!

போதை ஒன்றுதானே? பெயர் ஏன் இரண்டாயிற்று? தேநீர்க் கடையிலே இரட்டைக் குவளை கண்டு கொதித்தெழுந்த பரம்பரையல்லவா நாம்! இந்த இரட்டைக் குவளை மட்டும் கண்ணில் படவில்லையே, ஏன்?

சிறு அளவில் செய்வது, உள்ளூரில் செய்வது, புதிதாய் அருந்துவது, இவைதாமே கிராப்ட் பீருக்குச் சூட்டப்படும் புகழ்மாலை? பனையேறி அன்றன்று இறக்கிய கள்ளுக்கும் அத்தனையும் பொருந்தின. ஆயினும் 1987இல் அது தடைக்குள்ளாயிற்று. கள்ளுக்கடையைத் திற என்று நான் வாதாடவில்லை. ஒரே பண்பு, பெருவிடுதியிலே கலையாகவும் பனங்காட்டிலே குற்றமாகவும் ஆவானேன் என்றுதான் கேட்கிறேன்.

பாதி விலையைக் கண்டும் மயங்காதே. மாலையிலே ஆளின்றிக் கிடக்கும் நாற்காலியை நிரப்ப வந்த ஏற்பாடு அது. மணி முடியுமுன் இன்னொன்று, இன்னொன்று என்று விரைந்து பருகத் தூண்டும். அதனால்தான் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலம் 1984இலும், அயர்லாந்து 2003இலும் அத்தகைய சலுகையையே தடை செய்தன. எனவே விலை பார்த்து அளவு வைக்காதே. அளவை முன்பே முடிவு செய். குடியாத தோழனிடம் மதுவுக்குப் பங்கு கேட்காதே, கேலியும் பேசாதே. 21 வயது நிரம்பாதவனை அழைக்காதே. வண்டிச் சாவி வீட்டிலேயே இருக்கட்டும். 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் ஓட்டுவது குற்றம். 2015 முதல் உன் பேட்டையிலே மெட்ரோ நிலையம் இருக்கிறதே!

இனிதான், தம்பி, என் வழக்கு. உன் மடலிலுள்ள பட்டியலை மீண்டும் படித்துப் பார். உணவு, இருக்கை, அளவு, பாதுகாப்பாக வீடு திரும்புதல்! மதுவின் ஆபத்தை அறிந்தவன் தனக்கென வகுத்துக்கொண்ட அரண் அது. அந்தக் கொத்தனாருக்கு அப்படி அரண் அமைத்தவர் யார்? 2024 சூனில் கள்ளக்குறிச்சியிலே மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததே, அந்த ஏழைகளுக்காகப் பட்டியல் எழுதி வைத்தவர் யார்? மலிவு ஒன்றைத் தவிர அவர்கள் முன் வேறென்ன வைத்தோம்?

உனக்குக் கிடைக்கும் கண்ணியம் அவருக்கும் கிடைக்க வேண்டும். குடியை விட விரும்புகிறவருக்கு ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் மீட்புச் சிகிச்சை, குடித்துத் தள்ளாடுபவரை வீடு சேர்க்க ஒரு வழி, கூலி வீடு போய்ச் சேர ஓர் ஏற்பாடு. இவற்றைக் கேட்காத நாவுக்குச் சுவை பேச உரிமையில்லை.

சனிக்கிழமை போய் வா. மறுநாள் மன்றக் கூட்டத்துக்கு அதே பட்டியலை எடுத்து வா. மேலே எழுதியிருக்கும் ஒன்பது பெயர்களை அடித்துவிட்டு, உழைக்கும் மக்கள் என்று எழுதித் தீர்மானமாக்குவோம். நல்லதென்று அசோகர் ஒப்பும் கூட்டம் அதுவாகத்தான் இருக்கும்.