பேச்சிழந்தவன் பாடுகிறான்!

1998-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் கவர்னர் செல் மில்லர் ஒரு திட்டம் கொண்டுவந்தார். அம்மாநிலத்தில் பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் செவ்வியல் இசைத்தட்டு ஒன்று இலவசம். அதற்கு 1,05,000 டாலர் ஒதுக்குக என்றார். இசை கேட்டால் மூளை வளருமாம்!

ஆதாரம்? 1993-இல் கல்லூரி மாணவர் 36 பேரிடம் நடத்திய சோதனை. மோசார்ட்டின் இசையைப் பத்து நிமிடம் கேட்டபின், காகித மடிப்புக் கணக்கில் அவர்கள் சற்றே கூடுதல் மதிப்பெண் பெற்றனர். அந்தப் பலனும் கால் மணி நேரத்திற்குள் கரைந்துவிட்டது. சோதனையில் கைக்குழந்தை ஒன்றுகூட இல்லை. ஆயினும் வணிகர் விடுவரோ? பெற்றோரின் ஆசையைக் காசாக்கினர். 2010-இல் வியன்னா பல்கலைக்கழகத்தார் ஏறத்தாழ 40 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, மோசார்ட் இசைக்கென்று அப்படியொரு தனி ஆற்றல் இல்லை என்று தெளிவாக்கினர்.

அப்படியானால் இசைக்கும் மூளைக்கும் தொடர்பே இல்லையா? உண்டு! ஆனால் அது விற்பனைக் கடையில் இல்லை. நோயாளியின் கட்டிலருகே இருக்கிறது.

பக்கவாதம் தாக்கிப் பேச்சிழந்தோரைப் பார்த்திருக்கிறோம். நா அசைகிறது, பிறர் சொல்வது பெரும்பாலும் புரிகிறது, சொல் மட்டும் வரவில்லை. "புத்தி பேதலித்துவிட்டது" என்று ஊர் சொல்லிவிடுகிறது. அது தவறு. "டான்" என்ற ஓரசையன்றி வேறு பேச முடியாத ஒருவரின் மூளையை, அவர் இறந்தபின் 1861-இல் பாரிசில் ஆராய்ந்தார் மருத்துவர் புரோக்கா. இடப்பக்க முன்பகுதியில் சேதம் கண்டார். கெட்டது பேச்சை இயற்றும் இடமே தவிர, மனிதனின் அறிவன்று.

பேச்சிழந்த அதே மனிதர் பலர், தெரிந்த பாட்டைச் சொற்களோடு பாடுகின்றனர்! 1745-லேயே ஸ்வீடனில் ஒலோஃப் டாலின் இதை எழுதிவைத்தார். தெய்வச் செயலா? அல்ல. பாடும்போது மூளையின் வலப்பக்கமும் உழைக்கிறது.

இதையே மருத்துவமாக்கி 1973-இல் வெளியிட்டனர், பாஸ்டன் நகர மருத்துவர் ஆல்பெர்ட்டும் பயிற்சியாளர் ஸ்பார்க்ஸ், ஹெல்ம் ஆகியோரும். "தண்ணீர் வேண்டும்" போன்ற சிறு வாக்கியத்தை ஏற்ற இறக்கமாக இசைத்து, அசைக்கு ஒரு தட்டாக நோயாளியின் இடக்கையைத் தட்டுகின்றனர். முதலில் முணுமுணுப்பு, பிறகு இருவரும் சேர்ந்து, பிறகு அவர் தனியே. நாளடைவில் இராகம் குறைந்து பேச்சாகிறது.

2011-இல் துப்பாக்கிக் குண்டு இடப்பக்க மூளையைத் துளைத்ததால் பேச்சிழந்தார், அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் கேபிரியல் கிஃபோர்ட்ஸ். அவருக்கு அளித்த சிகிச்சைகளுள் இசையும் ஒன்று. பாடிப் பாடிச் சொற்களை மீட்டார். மகிழ்கிறோம். ஆனால் மூட்டை தூக்கும் தோழன் படுத்துவிட்டால், அவன் கட்டிலருகே உட்கார்ந்து தட்டிப் பாட யார்?

இது சர்வரோக நிவாரணி என்று நாம் சொல்லவில்லை. எல்லாருக்கும் பலிப்பதில்லை. பழகிய வாக்கியங்களே நன்கு திரும்புகின்றன. வேலை செய்வது இராகமா, தாளமா என்ற வாதம் ஆய்வாளரிடையே நடக்கிறது. குறையை மறைக்காமல் அளந்து சொல்வதுதான் அறிவியல். "இந்த இராகம் கேள், இரத்தக்கொதிப்பு ஓடிவிடும்" என்று கடை விரிப்பவன் அளப்பதே இல்லை, அவனிடம் ஏமாறாதீர்!

இம்மருத்துவத்திற்கு விலையுயர்ந்த யந்திரம் வேண்டாம். வெளிநாட்டு மருந்து வேண்டாம். பயிற்சி பெற்ற ஒரு மனிதர், நாள்தோறும், வாரக்கணக்கில் பக்கத்தில் அமர வேண்டும். இசைத்தட்டு கேட்ட கவர்னருக்கு இது தோன்றவில்லை. நம்மை ஆள்வோருக்காவது தோன்றட்டும்! மாவட்டத் தலைமை மருத்துவமனைதோறும் பேச்சுப் பயிற்சியாளரைப் போதிய அளவில் அமர்த்துக! பக்கவாத நோயாளியை, உயிர் தப்பியது போதும் என்று வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்!

தோழர்களுக்கும் ஒரு சொல். வாய் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறினால் மந்திரிப்பவனைத் தேடாதீர். அந்த நிமிடமே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வீர். அடைப்பைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணி நேரமே கெடு. பேச்சுப் போயிற்றென்றால் அவரைக் குழந்தையாக்காதீர். அருகில் அமர்ந்து, அவருக்குப் பிடித்த பாட்டைத் தொடங்குவீர்.

நாலு பேருக்குப் பாட்டு பொழுதுபோக்காக இருக்கட்டும். நாவிழந்த பாட்டாளிக்கு அது உரிமை!