புது நெல்லும் கமக்காரர் வயலும்

பேராதனையில் தலைமையகம் கொண்ட விவசாயத் திணைக்களம் 1912 ஆம் ஆண்டு நிறுவப்பெற்றது. 1952 இல் தோன்றிய பத்தலேகொட நெல் ஆய்வு நிலையம் அத்தசாப்த முடிவில் வழங்கிய எச்-4 நெல்லும், பின்வந்த பீஜீ இனங்களும் இந்நாட்டின் உலையை நிறைத்தவை. அதை மறுப்பது நன்றி மறத்தலாகும். ஆயினும் ஒரு புதிய இனம் கமக்காரர் கைக்கு வருமுன் யாருடைய வயலில், எந்நிலையில் சோதிக்கப்படுகிறது என்று கேட்கும் உரிமை சோறுண்பார் அனைவர்க்கும் உண்டு.

முறை இருக்கிறது. ஆய்வு நிலையங்களிற் பல போகங்கள் விளைந்து தேறிய இனம், கமக்காரர் வயல்களிலும் இசைவுச் சோதனைக்கு உட்பட்ட பின்னரே இன வெளியீட்டுக் குழுவின் முன் வைக்கப்படுகிறது. ஏட்டளவில் இது நல்ல ஏற்பாடு. ஆனால் அவ்வயலுக்கும் உரம் நிலைய அட்டவணைப்படியே இடப்பட்டு, களை நாள் தவறாது பிடுங்கப்படுமாயின், அது கமக்காரர் பெயரில் நடக்கும் இன்னொரு நிலையத் துண்டேயன்றி வேறன்று.

கண்டியைச் சூழ்ந்த படிவயல்களில் இறங்கிப் பார்த்தால் இது விளங்கும். மேற்படியிற் குளிர்ந்த ஊற்றுநீர் பாய, பயிர் மெல்ல எழும். அடிப்பள்ளத்தில் நீர் வடியாது தேங்கி, இரும்புச் செம்மை மேலே படலமாய் மிதக்க, இலைகள் பழுப்பேறும். ஒருவருடைய ஓர் ஏக்கருக்குள்ளேயே இத்தனை வேற்றுமை! பீஜீ 300 மூன்று மாத நெல், பீஜீ 352 மூன்றரை மாத நெல் என இலக்கத்திலேயே வயதைக் குறித்தனர் அறிஞர். மலைக்குளிர் அக்கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. வயது நீண்டால் முறைத்தண்ணீர் தப்பும். அயல்வயல்களுக்கு முந்தி ஒரு துண்டு மட்டும் முற்றினாலோ, ஊர்க்குருவியும் எலியும் அங்கேயே கூடும். பதிவேட்டில் விளைச்சல் குறைவென்பது ஏறும், குருவி ஏறாது. வைக்கோலை மாடு தின்றதா, ஆலைக்காரர் விலை கொடுத்தாரா, காலையில் வடித்த சோறு மாலைவரை மென்மை குன்றாதிருந்ததா என்பவையும் அவ்வாறே விடுபடும். இவற்றை வைத்தன்றோ கமக்காரர் அடுத்த போகத்துக்கு விதை தேர்கிறார்?

சோதியாது விதிப்பதன் விலையை நாம் அண்மையிற் கண்டோம். பேராதனைப் பல்கலைக்கழக விவசாய அறிஞர் பலர் எச்சரித்தும், 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. நவம்பரில் தடை தளர்ந்தபோது பெரும்போகம் தொடங்கிவிட்டிருந்தது. நெல் விளைச்சல் சரிந்தது. அரிசிக்கு அயல்நாடுகளை நாடினோம். அது விதையன்று, கொள்கை. எனினும் நாடு முழுவதையும் முதற் சோதனைக்களமாக்கிய பிழை அதில் இருந்தது.

சோதனைக்கு வயல் கொடுப்பவர் தம் குடும்பத்தின் ஒரு போகத்தையே ஈடு வைக்கிறார். பயிர் பொய்த்தால் கிடைக்கும் இழப்பீடு முன்னரே எழுத்தில் உறுதியாக வேண்டும். தோற்ற இனங்களின் முடிவுகளும் கமநல சேவை நிலையங்களிற் சிங்களத்திலும் தமிழிலும் ஒட்டப்பட வேண்டும். இவற்றினும் முதன்மையானது ஒன்று: வெளியீட்டுக் குழு கூடும் நாளில், உடுநுவரவிலோ யட்டிநுவரவிலோ அந்நெல்லைத் தம் உரமிட்டுத் தம் விருப்பப்படி விளைவித்த கமக்காரர் இருவரேனும் அழைக்கப்பட்டு, அவர்கள் வேண்டாமென்பதற்குக் கூறும் காரணம் விளைச்சல் எண்களோடு சேர்த்துப் பதியப்பட வேண்டும். வரும் பெரும்போகத்திலேயே திணைக்களம் இதைத் தொடங்கட்டும்.