துப்பாக்கி வாத்தியாருக்குக் காக்கிச் சட்டைதான் யோக்கியதையா?

நமது சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் இன்று துப்பாக்கி பிடிக்கக் கற்றுக் கொள்பவர்கள் பல வகையினராய் இருக்கின்றார்கள். பாங்கு வாசலிலும் பணம் கொண்டுபோகும் வண்டியிலும் காவலுக்கு நிற்பவர்கள் ஒரு வகை. காட்டுப் பன்றியிடமிருந்து வெள்ளாமையைக் காக்க லைசென்சு கேட்கும் குடியானவர்கள் ஒரு வகை. என்.சி.சி.யில் சேர்ந்து ரைபிள் பிடிக்கும் பையன்களும் பெண்களும் ஒரு வகை. ஒலிம்பிக் பந்தயத்தைப் பார்த்துவிட்டுக் காற்றுத் துப்பாக்கி வாங்கிக் குறி பழகுபவர்கள் மற்றொரு வகை. இவர்களுக்கெல்லாம் யார் சொல்லிக் கொடுப்பது என்ற கேள்வி வந்தால் உடனே ஒரே பதில்தான் வருகின்றது. "பட்டாளத்திலோ போலீசிலோ இருந்தவர் சொல்லிக் கொடுக்கட்டும், மற்றவனுக்கு அதில் என்ன தெரியும்?" என்பதே அந்தப் பதில்.

இந்தப் பதில் கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கின்றது. ஆனால் கேட்பதற்கு நியாயமாயிருப்பதெல்லாம் நியாயமாகிவிடாது. தப்பு மந்திரம் சொல்லும் புரோகிதனால் நமக்கு நஷ்டம் தட்சணையோடு போய்விடும். தப்புப் பாடம் சொல்லும் துப்பாக்கி வாத்தியாரால் அடுத்த வீட்டுப் பிள்ளை செத்துப் போகும். ஆகையால் இந்த விஷயத்தில் உடுப்பைப் பார்த்துக் கும்பிடுவதை விட்டுவிட்டு, யோக்கியதை என்பது என்ன, அது எங்கேயிருந்து வருகின்றது என்று யோசிக்க வேண்டியது அவசியமாகும்.

முதலில் நம் கண்ணெதிரில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்லுகின்றோம். புதுக்கோட்டை ஜில்லா நார்த்தாமலைக்குப் பக்கத்தில் பசுமலைப்பட்டி என்னுமிடத்தில் போலீசுக்குச் சொந்தமான துப்பாக்கி சுடும் தளம் ஒன்று உண்டு. 2021-ஆம் வருஷம் டிசம்பர் 30-ந்தேதி மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் அங்கே பயிற்சி செய்து கொண்டிருந்தார்கள். அங்கிருந்து பறந்து வந்த தோட்டா, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுப் பையனின் தலையில் பாய்ந்தது. 2022 ஜனவரி 3-ந்தேதி அந்தக் குழந்தை செத்துப் போயிற்று. தளமும் காக்கியினுடையது, சுட்டவர்களும் காக்கி உடுத்தவர்கள். காக்கிக்கு அங்கே என்ன பஞ்சம்? பஞ்சமாயிருந்தது எதுவென்றால், "குறிக்குப் பின்னால் என்ன இருக்கின்றது? தோட்டா தவறினால் எங்கே போய் விழும்?" என்று பார்க்க வேண்டிய ஜாக்கிரதைதான். துப்பாக்கிப் பாடத்தில் இது கடைசிப் பாடமல்ல, முதல் நாள் சொல்லிக் கொடுக்க வேண்டிய பாடமாகும்.

வெளிதேசத்திலும் இப்படி ஒன்று நடந்திருக்கின்றது. அமெரிக்காவில் அரிசோனா ராஜ்யத்தில் 2014 ஆகஸ்ட் 25-ந்தேதி, 9 வயதுச் சிறுமி ஒருத்தியின் கையில், விசையை அழுத்தியிருக்கும் வரையில் சரமாரியாய்ச் சுடும் ஊசி என்னும் யந்திரத் துப்பாக்கியைக் கொடுத்துச் சுடச் சொன்னார் ஒரு வாத்தியார். துப்பாக்கியின் உதைப்பு அந்தப் பிஞ்சுக் கைக்கு அடங்கவில்லை. குழல் மேலே எகிறிற்று. பக்கத்தில் நின்ற வாத்தியாரே குண்டு பாய்ந்து மாண்டார். அவர் ஏதோ கடைக்காரரல்லர், அமெரிக்கப் பட்டாளத்தில் சேவை செய்தவர். எந்த வயதுக் கைக்கு எந்த ஆயுதம் என்பதைச் சிப்பாய் வேலை அவருக்குக் கற்றுக் கொடுக்கவில்லை. ஏனெனில் பட்டாளத்தில் 9 வயதுக் குழந்தைகள் கிடையாது.

இதனால் பட்டாளத்தாரையோ போலீசாரையோ நாம் குறைவாய்ச் சொல்லுவதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். நல்ல துப்பாக்கி வாத்தியார்களில் அநேகர் அங்கிருந்து வந்தவர்களே. நாம் சொல்லுவதெல்லாம், ஒரு காரியத்தைச் செய்யத் தெரிவது வேறு, அதைப் பிறருக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரிவது வேறு என்பதுதான். இதைப் பட்டாளமே ஒப்புக் கொண்டிருக்கின்றது. சுடத் தெரிந்த சிப்பாயெல்லாம் வாத்தியாராகிவிடலாம் என்றால், வெள்ளைக்காரன் 1853-ல் இங்கிலாந்தில் ஹைத் என்னும் ஊரில் துப்பாக்கிப் பயிற்சிக்கென்றே தனிப் பள்ளிக்கூடம் வைத்தது எதற்கு? இன்று இந்திய ராணுவம் மத்தியப் பிரதேசத்து மவ் நகரில் காலாட்படைப் பள்ளி நடத்துவது எதற்கு? பட்டாளம் தன் ஆட்களுக்குள்ளேயே பொறுக்கியெடுத்து, தனியே பழக்கி, அதன் பிறகுதான் ஒருவனை வாத்தியாராக்குகின்றது. அப்படியிருக்க, இருபது வருஷம் ஸ்டோரில் கணக்கு எழுதியவரும், லாரி ஓட்டியவரும், சமையல் கட்டில் இருந்தவரும் பென்ஷன் வாங்கி வந்த மறுநாளே துப்பாக்கிக்கு வாத்தியாராகிவிடலாம் என்பது எந்தப் பகுத்தறிவு?

சட்டமும் இதையே சொல்லுகின்றது. தனியார் காவல் நிறுவனங்களுக்கென்று 2005-ல் ஒரு சட்டம் செய்தார்கள். பட்டாளத்திலும் போலீசிலும் இருந்தவர்களைக் காவலர்களாக வைத்துக் கொள்வதில் முன்னுரிமை கொடுக்கலாம் என்று அதில் கண்டிருக்கின்றது. ஆனால் அதன்மேல் மத்திய சர்க்கார் 2006-ல் வகுத்த மாதிரி விதிகளைப் பாருங்கள். புதிதாய் வருபவருக்கு வகுப்பில் 100 மணியும் வெளியில் 60 மணியும், குறைந்தது 20 வேலை நாள் பயிற்சி என்றார்கள். முன்னாள் சிப்பாய்க்கும் முன்னாள் போலீசுக்கும் வகுப்பில் 40 மணியும் வெளியில் 16 மணியும், குறைந்தது 7 வேலை நாள் பயிற்சி என்றார்கள். அதாவது பழைய அனுபவத்துக்குச் சலுகை கொடுத்தார்களேயொழிய, பயிற்சியே வேண்டாமென்று விட்டுவிடவில்லை. காவலனாய் நிற்பதற்கே இப்படியென்றால், காவலனுக்கு வாத்தியாராய் நிற்பதற்கு உடுப்பு மட்டும் போதுமா?

நமது ஜில்லாக்காரர்களுக்குச் சுலபமாய் விளங்கும்படி ஒன்று சொல்லுகின்றோம். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் திருச்செங்கோட்டிலும் லாரியைப் பற்றியும் ரிக் வண்டியைப் பற்றியும் தெரியாதவர் யார்? ஒரு லாரி ஊரில் ஓடினால் எத்தனை உயிர் அதன் சக்கரத்துக்கு முன்னால் இருக்கின்றது என்பது நமக்குத் தெரியும். அந்த வண்டியை ஓட்டச் சொல்லித் தரும் பள்ளியின் வாத்தியாருக்கு 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள் என்ன கேட்கின்றன? ஐந்து வருஷம் வண்டி ஓட்டிய அனுபவம் கேட்கின்றன. யந்திர வேலை தெரிந்ததற்கு அத்தாட்சி கேட்கின்றன. சாலைக் குறிகளும் விதிகளும் நன்றாய்த் தெரிந்திருக்க வேண்டும் என்கின்றன. "நீ பட்டாளத்து லாரி ஓட்டினாயா?" என்று எந்த விதியும் கேட்கவில்லை. உயிர் போகும் ஆபத்து இரண்டிலும் உண்டென்றால், ஒன்றுக்கு வேலை தெரிகின்றதா என்ற கேள்வியும் மற்றொன்றுக்கு எந்த உடுப்பு என்ற கேள்வியும் ஏன்?

இது நிற்க, இந்த உடுப்புப் பக்திக்குப் பின்னால் மற்றொரு பழைய சங்கதியும் இருக்கின்றது. ஆயுதம் இன்னாருக்குத்தான் என்று பிறப்பைக் கொண்டு வேலி போட்டு வைத்த தேசம் இது. அந்த வேலி போட்ட புராணக்காரர்களையே கேட்கின்றோம்: பாண்டவர்களுக்கு வில் வித்தை சொல்லிக் கொடுத்தவர் யார்? துரோணாச்சாரி என்னும் பார்ப்பனர். ஆயுதம் க்ஷத்திரியனுக்கென்றால் அவர் மட்டும் எப்படி வாத்தியாரானார்? தங்களுக்கு வேண்டியபோது ஜாதி விதி வளைந்து கொடுக்கும். ஆனால் வேடன் மகன் ஏகலைவன் யாருடைய தயவும் இல்லாமல் தானே பழகித் தேர்ந்துவிட்டபோது, அவன் கட்டை விரலையே தட்சணையாகக் கேட்டு வாங்கினார். அவன் குறி தவறியதாக யாரும் குற்றம் சொல்லவில்லை. தவறாமல் அடித்ததுதான் அவன் செய்த குற்றம். இப்படிப்பட்டவருடைய பெயரால்தான் விளையாட்டு வாத்தியார்களுக்கு இந்திய சர்க்கார் 1985 முதல் பரிசு கொடுத்து வருகின்றது. மாணாக்கனின் விரலை வெட்டச் சொன்னவர் பெயரில் வாத்தியாருக்குப் பரிசு என்றால், இதை என்னவென்று சொல்லுவது?

வெள்ளைக்காரனும் சும்மா இருக்கவில்லை. 1857-க்குப் பிறகு வீர ஜாதி, வீரமற்ற ஜாதி என்று ஒரு பித்தலாட்டத்தைக் கிளப்பி, பஞ்சாபியனையும் கூர்க்காவையும் சேர்த்துக் கொண்டு, மதராஸ் சிப்பாய்களைக் குறைத்துக்கொண்டே போனான். 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்குத் தளபதியாயிருந்த ராபர்ட்ஸ் பிரபுவே இந்தக் கொள்கைக்குப் பெரிய வக்கீலாயிருந்தவர். இரண்டாவது உலக யுத்தம் வந்து ஆள் வேண்டியபோது, அதே மதராஸ் ஆட்களைக் கொண்டு மறுபடியும் ரெஜிமெண்டு அமைத்தார்கள். வீரம் இடையில் எங்கே போயிருந்தது, எப்போது திரும்பி வந்தது? பெண்கள் விஷயமும் இப்படியே. தமிழ்நாட்டுப் போலீசில் பெண்களைச் சேர்த்ததே 1973-ல்தான். ராணுவத்தில் சிப்பாய் நிலையில் பெண்களின் முதல் அணி பயிற்சி முடித்து வெளியே வந்தது 2021-ல்தான். ஆகவே, "பட்டாளத்து அனுபவம் இல்லாதவர் வாத்தியாராகக் கூடாது" என்று இன்று ஒரு விதி போட்டால், நேற்றுவரை யாரையெல்லாம் வாசலிலேயே நிறுத்தி வைத்தார்களோ, அவர்களை இன்றைக்கும் வாசலிலேயே நிறுத்தி வைப்பதாகத்தான் அர்த்தமாகும்.

சரி, பட்டாளத்துக்கு வெளியே வித்தை இருக்கின்றதா என்று கேட்கலாம். 2008-ல் பீஜிங்கில் துப்பாக்கி சுடுவதில் தங்கம் வாங்கிய அபினவ் பிந்திரா சிப்பாயாயிருந்து வந்தவரல்லர். அவருக்கு ஆதியில் சொல்லிக் கொடுத்தவர் பட்டாளத்து அதிகாரியாயிருந்த ஒருவர். பிறகு சொல்லிக் கொடுத்தவர் சுவிட்சர்லாந்து தேசத்து வீராங்கனை ஒருவர். இருவரும் உதவினார்கள் என்பதே நமது கட்சி. 2012-ல் லண்டனில் வெண்கலம் வாங்கிய ககன் நாரங் நடத்தும் பயிற்சிப் பள்ளியில் பழகித்தான், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளில் தங்கம் வாங்கினார். உத்தரப் பிரதேசத்து ஜோஹ்ரி கிராமத்தில் சந்திரோ தோமர் என்னும் பாட்டி அறுபது வயதைத் தாண்டிய பிறகு பேத்தியோடு போய்த் துப்பாக்கி பழகி, பந்தயங்களில் ஜெயித்து, பிறகு ஊர்ப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். 2021-ல் அவர் இறந்தபோது தேசமே பேசிற்று. அந்தப் பாட்டி எந்த ரெஜிமெண்டில் இருந்தார்?

இதற்கு இரண்டு ஆட்சேபணைகள் சொல்லப்படுகின்றன. முதலாவது, எதிரியின் குண்டுக்கு எதிரே நிற்காதவனுக்குத் துப்பாக்கியின் அருமை தெரியாது என்பது. கொங்கு நாட்டுக் கிணறுகளில் பிள்ளைகளுக்குச் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழக்குகின்றவர், வெள்ளத்தில் அடித்துக் கொண்டு போய்ப் பிழைத்து வந்தவராய்த்தான் இருக்க வேண்டுமா? நன்றாய் நீந்தவும், பிள்ளை முழுகினால் தூக்கவும், பயந்த பிள்ளைக்குத் தைரியம் சொல்லவும் தெரிந்தால் போதாதா? யுத்தத்துக்குப் போகிறவனுக்கு யுத்தம் தெரிந்தவனே சொல்லிக் கொடுக்கட்டும். குடியானவனும் பள்ளிக்கூடத்துப் பெண்ணும் யுத்தத்துக்குப் போகவில்லை. அவர்கள் கற்க வேண்டியது சுடுவதைக் காட்டிலும், சுடாமலிருப்பதும், துப்பாக்கியைப் பத்திரமாய் வைத்திருப்பதுமேயாகும்.

இரண்டாவது, உடுப்பு வேண்டாமென்றால் கண்ட ரௌடியும் வாத்தியாராகிவிடுவான் என்பது. ரௌடியைத் தடுப்பது பரீட்சையேயன்றி, பழைய பெல்டும் பேட்ஜுமல்ல. ஒரு குறிப்பிட்ட அளவுக்கு உட்பட்ட காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்சுகூட வேண்டியதில்லை. ஆகவே, பெயருக்கு முன்னால் "ரிடயர்டு" என்று போர்டு போட்டுக் கொண்டு கொட்டகை கட்டினால் பெற்றோர்கள் கேள்வி கேட்காமல் பணத்தைக் கட்டிவிடுகின்றார்கள். உண்மையில் ரௌடிக்கு வசதியாயிருப்பது இந்தக் கேள்வி கேட்காத பக்திதான்.

அப்படியானால் யோக்கியதை என்பது என்ன? ஒவ்வொரு துப்பாக்கியையும் குண்டு போட்டிருப்பதாகவே நினைத்துக் கையாளுவது, குழலை மனிதர் பக்கம் திருப்பாதிருப்பது, குறி வைக்கும் வரையில் விசையில் விரல் வைக்காதிருப்பது, குறிக்கு அப்பால் என்ன இருக்கின்றதென்று பார்ப்பது ஆகிய நான்கையும் தான் தவறாமல் செய்து, பிறரையும் செய்ய வைக்க வேண்டும். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டமும், லைசென்சு கேட்பவருக்குப் பாதுகாப்புப் பயிற்சி வேண்டுமென்று சொல்லும் 2016-ஆம் வருஷத்து விதிகளும் தெரிந்திருக்க வேண்டும். தோட்டாவைத் தாங்கும் மண்மேடு இல்லாத இடத்தில் வகுப்பு நடத்த மாட்டேன் என்று சொல்லும் தைரியம் வேண்டும். அடிபட்டால் ரத்தத்தை நிறுத்தத் தெரிய வேண்டும். கோபக்காரனையும் குடிகாரனையும், அவன் ஊர்ப் பெரியதனக்காரனாயிருந்தாலும், வெளியே போகச் சொல்லத் தெரிய வேண்டும். இவைகளையெல்லாம் பகிரங்கப் பரீட்சையில் காட்டி, சில வருஷத்துக்கொரு முறை மறுபடியும் காட்ட வேண்டும். முன்னாள் சுபேதார் வந்தாலும் பள்ளிக்கூடத்து ஆசிரியை வந்தாலும் பரீட்சை ஒன்றாகவே இருக்கட்டும். சுபேதாருக்குப் பயிற்சி நாட்களில் சலுகை கொடுக்கலாம், பரீட்சையில் சலுகை கூடாது.

சர்க்கார் இதைச் செய்கிற வரையில் நாம் கையைக் கட்டிக் கொண்டிருக்க வேண்டியதில்லை. பிள்ளையைத் துப்பாக்கி வகுப்பில் சேர்க்கப் போகும் தாய் தகப்பன்மார்களே, லைசென்சுக்குப் போகும் குடியானவத் தோழர்களே, அங்கே சுவரில் மாட்டியிருக்கும் மெடலை அப்புறம் பாருங்கள். முதலில் குறிக்குப் பின்னால் போய் நின்று பாருங்கள், அங்கே மண்மேடு இருக்கின்றதா, மாடு மேய்கின்றதா, வீடு இருக்கின்றதா என்று. இதுவரை என்ன விபத்து நடந்ததென்று வாத்தியாரைக் கேளுங்கள். கேட்டதற்குக் கோபித்துக் கொள்பவர் எந்தப் படையிலிருந்து வந்தவராயிருந்தாலும், அவரிடம் உங்கள் பிள்ளையை விடாதீர்கள்.