கொள்ளுப்பாட்டியிடம் ஒரு கேள்வி

“டீச்சர், இதெல்லாம் எப்பவோ நடந்து முடிஞ்சது. எதுக்கு மனப்பாடம் பண்ணணும்?”

நான்காம் படிவ மாணவன் ஒருவன் என்னிடம் கேட்ட கேள்வி இது. எனக்குக் கோபம் வரவில்லை. 2013 முதல் எஸ்பிஎம் சான்றிதழ் பெற வரலாற்றுப் பாடத்தில் தேர்ச்சி கட்டாயம். அந்தப் பயத்தில் நாங்கள் ஆண்டுகளையும் பெயர்களையும் பலகை நிறைய எழுதிப் போடுகிறோம். பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள்.

ஜப்பானியர் ஆட்சிப் பாடம் வந்தபோது முறையை மாற்றிப் பார்த்தேன். பாடநூலைத் திறக்கச் சொல்லவில்லை. வாழைமரப் படம் போட்ட, அந்தக் காலத்துப் பத்து வெள்ளி நோட்டு ஒன்று என்னிடம் இருந்தது. பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒவ்வொரு குழுவிடமும் கொடுத்தேன். மூன்றே கேள்விகள்: என்ன பார்க்கிறீர்கள்? அதிலிருந்து என்ன ஊகிக்கிறீர்கள்? இன்னும் என்ன தெரிய வேண்டும்?

“இதுல நம்பரே இல்ல டீச்சர், எழுத்து மட்டும்தான் இருக்கு” என்றாள் ஒரு மாணவி. இன்றைய பத்து ரிங்கிட் நோட்டை எடுத்து ஒப்பிட்டும் பார்த்தாள். தொடர் எண் இல்லாவிட்டால் எத்தனை நோட்டு அச்சடித்தார்கள் என்பதை யார் கணக்கு வைப்பது? இஷ்டத்துக்கு அச்சடித்தால் சாமான் விலை என்ன ஆகும்? அவர்களே பேசிப் பேசி விடைக்கு வந்தார்கள். ‘பணவீக்கம்’ என்ற சொல்லை அதன் பிறகுதான் நான் பலகையில் எழுதினேன்.

வீட்டுப்பாடமும் ஒன்றே ஒன்றுதான். அந்தக் காலத்தைப் பற்றி வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் கேட்டு வர வேண்டும்.

மறுவாரம், முதலில் கேள்வி கேட்ட அதே மாணவன் தயங்கியபடி எழுந்தான். அவனுடைய கொள்ளுப்பாட்டிக்கு அப்போது எட்டு வயதாம். அவருடைய அப்பாவைத் தோட்டத்திலிருந்து சயாமுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். “மூணு மாச வேலைன்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனாங்க. திரும்பி வரவே இல்ல.” பாட்டி தமிழில் சொன்னதை அவன் மலாயில் எழுதி வந்து வாசித்தான். மலாய், சீன நண்பர்களும் அசையாமல் கேட்டார்கள்.

பிறகு வரைபடத்தை விரித்தோம். ரங்கூன் வரை தண்டவாளம் போட்டதாகப் பாட்டி சொல்லியிருந்தார். உண்மையில் சயாமிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரைதான் புதிய பாதை. அங்கே ஏற்கெனவே இருந்த பாதையோடு அது இணைந்தது. நீளம் ஏறக்குறைய 415 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த் போகும் தூரத்தையும் தாண்டும். 1943 அக்டோபரில் வேலை முடிந்தது. பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் அங்கே மடிந்தார்கள். பாட்டியின் நினைவைத் தள்ளவும் கூடாது, சரிபார்க்காமல் அப்படியே ஏற்கவும் கூடாது. இரண்டையும் பிள்ளைகள் ஒரே பாடவேளையில் கற்றுக்கொண்டார்கள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் தாத்தா சயாமுக்குப் போய் உயிரோடு திரும்பியவர். அவர் காலில் பெரிய தழும்பு ஒன்று இருந்தது. நான் வரலாறு படித்துப் பட்டம் வாங்கினேன். அந்தத் தழும்பைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இன்று கேட்க அவர் இல்லை.

அன்று பத்து வயதாக இருந்தவர்கள் இன்று தொண்ணூறைக் கடந்துவிட்டார்கள். பெற்றோரே, இந்த வாரம் பிள்ளைகளைப் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள். பழைய படம், சம்பள அட்டை, அடையாளக் கார்டு என வீட்டில் இருப்பதில் ஏதாவது ஒன்றைக் கையில் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். பேச விருப்பமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். பேசினால், கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஆண்டும் தேதியும் பாடநூலில் பத்திரமாக இருக்கும். பாட்டி சொல்வது அங்கே இருக்காது.